சுவரில் ஒரு மணி நாற்பது நிமிடம்

சென்ற மாதம், பள்ளி ஆசிரியர்களான உங்கள் பயிற்சி வகுப்பில் ஒரு மணி நேரம் பேசச் சொன்னீர்கள். நாற்பத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தீர்கள். நான் ஐம்பத்தைந்து நிமிடம் பேசினேன். சொல்ல வந்ததைச் சொல்லாமல் இறங்கிவிட்டேன். அதன் பிறகு உங்களில் ஒருவர், தன் பள்ளிப் பிள்ளைகள் கைப்பேசியில் எடுத்த நான்கு நிமிடப் படத்தைத் திரையில் காட்டினார். உடைந்த குழாய், பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டி, பூட்டிய கழிப்பறை. நன்றாக எடுத்திருந்தார்கள். பிள்ளைகளின் முகம் ஓர் இடத்திலும் வரவில்லை, கவனமாகச் செய்திருந்தீர்கள். எல்லோரும் கைதட்டினீர்கள். ஆனால் அதில் ஒரு கை நீண்டு தொட்டியைக் காட்டியது. அந்த மணிக்கட்டில் ஒரு தீக்காயத் தழும்பு இருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறொன்றும் கண்ணில் படவில்லை. பஸ்ஸில் வீடு திரும்பும்வரை அந்தத் தழும்பைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று எழுதுகிறேன். எனக்கு எண்பத்தொரு வயது. தள்ளிப்போட முடியாது.

எண்பதுகளின் நடுவில் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகாதாரக் கல்வியாளராக இருந்தேன். மொரப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கி பஸ் பிடித்துப் போகவேண்டும். ஊரின் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டாம். ஆட்களின் பெயரை மாற்றியிருக்கிறேன். என் எல்லையில் நான்கு உயர்நிலைப் பள்ளிகள். நான் சொல்லும் பள்ளியில் நூற்று நாற்பத்து மூன்று மாணவிகள், நூற்றுத் தொண்ணூற்றெட்டு மாணவர்கள். கழிப்பறை ஒன்றுகூடக் கிடையாது. பையன்களுக்கு ஏரிக்கரை இருந்தது. பெண் பிள்ளைகள் கட்டடத்துக்குப் பின்னால் வேலிக்காத்தான் புதருக்குப் போனார்கள். நான் நடந்து எண்ணினேன்; தொண்ணூற்றிரண்டு அடிகள். புதரை ஒட்டி ஒரு வண்டிப் பாதை. மூன்று பேர் துண்டைப் பிடித்து மறைப்பாக நிற்க, ஒருத்தி போய் வருவாள். பிறகு முறை மாறும். இந்தத் தொல்லைக்குப் பயந்து காலையில் வீட்டிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். எட்டாம் வகுப்பில் முப்பத்தொரு பெண்கள் இருந்தார்கள். பத்தாம் வகுப்பில் ஒன்பது பேர். நடுவில் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

நான் கேட்டேன். மேலிடத்துக்கு ஐந்து கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. அப்போதுதான் பிள்ளைகளையே பேசவைக்கலாம் என்று நினைத்தேன். இன்று உங்களுக்கு அதற்குத் திட்டம், கையேடு, பயிற்சி எல்லாம் இருக்கிறது. அன்று எனக்கு இருந்தது துறையின் கேமரா ஒன்று, கறுப்பு வெள்ளை பிலிம் ரோல் ஒன்று, சார்ட் காகிதம் எட்டு. ஒன்பது பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டேன். ஐந்து பையன்கள், நான்கு பெண்கள். சனிக்கிழமைகளில் அறிவியல் அறையில் கூடுவோம். சுவர்ப் பத்திரிகை எழுதினார்கள். கேமராவை முறை வைத்து எடுத்துப்போனார்கள்.

அவர்களில் தலையானவள் பழனியம்மா. பத்தாம் வகுப்பு. உயரமான பெண். கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் குறைய வாங்கியதில்லை. சின்னசாமி என்ற விவசாயியின் ஒரே மகள். அந்த வீட்டில் பத்தாவது வரை வந்த முதல் ஆள். கேலி பேசாமல் அவளால் ஒரு வாக்கியம் சொல்ல முடியாது. புதரைப் பற்றி எழுத வேண்டும் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது மற்ற மூன்று பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள்தான் பேசினாள்.

“எழுதுனா யாரு சார் நம்பறாங்க? படம் எடுத்துரலாம். எங்க ஊரு ஆடுங்களே பாத்து பழகிடுச்சு. ஆபீசருங்களும் ஒரு தடவ பாக்கட்டும்.”

படம் எடுத்தது ஷகீலா. மொரப்பூரில் தையல் கடை வைத்திருந்தவரின் மகள். பழனியம்மாவின் பக்கத்து பெஞ்சு. மூன்று பெண்கள் முதுகைக் காட்டி நின்று துண்டைப் பிடித்திருக்கிறார்கள். நடுவில் நிற்பவள் பழனியம்மா. துண்டுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை, படத்துக்காக நின்றதுதான். ஆனால் பார்க்கிறவருக்கு அங்கே ஒருத்தி இருப்பாள். நிற்பதற்கு முன்னால் அந்த மூவரும் என்னைக் கேட்டார்கள். எங்களைத் தெரியாதே என்று கேட்டார்கள். முகம் தெரியாது, நான் பொறுப்பு என்று சொன்னேன். அந்த வார்த்தையைத்தான் சொன்னேன். பெற்றோரைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்பது மட்டும் தோன்றியது.

முப்பத்தாறு படத்தில் இருபத்தொன்று தேறியது. அவற்றை எங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் காட்டினேன். ஊரில் அவருக்கு நர்சம்மா என்றுதான் பெயர். அவர் பெயரை எழுத அவரிடம் நான் அனுமதி வாங்கியதில்லை. என்னைவிட ஒன்பது வயது இளையவர், பதவியில் கீழே. இந்த வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவரிடம் கற்றது. கற்கவேண்டிய நாளில் கற்கவில்லை என்பதுதான் குறை. மற்ற இருபது படங்களை வேகமாகத் தள்ளிவிட்டு இந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நடுவுல நிக்கறது சின்னசாமி அண்ணன் பொண்ணுதானே?”

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அவர் பாவாடையின் ஓரத்தில் விரல் வைத்தார்.

பழனியம்மா வேகமாக வளர்ந்த பெண். அந்த வருடம் புதுச் சீருடை எடுக்கவில்லை. அவள் அம்மா பழைய பாவாடையின் அடியில் தன் புடவையிலிருந்து நான்கு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டித் தைத்து நீளமாக்கியிருந்தார். அந்தப் பக்கத்தில் பல வீடுகளில் இப்படிச் செய்வார்கள். ஆனால் ஒவ்வொரு வீட்டுத் துண்டும் வேறு. அந்தத் துண்டில் என்ன பூ இருந்தது என்று இப்போதும் எழுதமாட்டேன்.

“மூஞ்சி தெரியலன்னா ஆளு தெரியாதுன்னு யாரு சார் சொன்னாங்க?” என்றார் நர்சம்மா. “நமக்குத்தான் மூஞ்சி. இவங்க கொடியில காயற துணிய பாத்தே எந்த வூடுன்னு சொல்லுவாங்க. ஒவ்வொருத்திக்கும் இருக்கறதே ரெண்டு பாவாட.”

கறுப்பு வெள்ளைதானே, நிறம் தெரியாதே என்றேன். அவர் படத்தை என் கையில் வைத்தார். “நான் சொல்லிட்டேங்க சார்” என்று சொல்லிவிட்டு, தடுப்பூசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இதில் நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். நர்சம்மா சொன்னதை நான் பழனியம்மாவிடம் சொல்லவில்லை. மற்ற படங்களை அஞ்சலட்டை அளவில் போட்டேன். இதை மட்டும் தர்மபுரி ஸ்டூடியோவில் கொடுத்து பன்னிரண்டுக்குப் பதினைந்து அங்குலத்தில் பெரிதாக்கினேன். அரை அங்குலம் இருந்த பாவாடை ஒட்டு அதில் இரண்டு அங்குலம் ஆயிற்று. எனக்குப் படம் பிடித்திருந்தது. ஐந்து கடிதத்தில் நான் சொல்ல முடியாததை அது ஒரு நொடியில் சொன்னது. ஒரு படம் நமக்கு மிகவும் பிடித்துவிட்டால் அதில் இருப்பவர்கள் நமக்குத் தெரியாமல் போய்விடுவார்கள். உங்களுக்கும் அது நடக்கும்.

பொங்கல் முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை கண்காட்சி வைத்தோம். பத்தாம் வகுப்பு அறை. மாவட்ட அதிகாரி ஒருவர் மூன்று மணிக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அதற்காக நான் இரண்டு மாதம் நடந்திருந்தேன். பெரிய படத்தைக் கதவுக்கு நேர் எதிரே ஒட்டினோம். அடியில் பிள்ளைகள் எழுதியது: மாணவிகள் 143. கழிப்பறை 0.

தலைமை ஆசிரியருக்கு அந்தப் படம் காலையிலிருந்தே பிடிக்கவில்லை. நல்ல மனிதர், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. விருந்தாளி வரும்போது வீட்டு அழுக்கை வாசலில் வைப்பார்களா என்று கேட்டார். தன் பள்ளியின் குறை வெளியே தெரிவது அவருக்கு அவமானம். அதனால் சொல்கிறார் என்று நினைத்தேன். அது உண்மையும்கூட.

பதினொரு மணிக்குத் திறந்தோம். ஊர் முழுக்க வந்தது. சினிமாக் கொட்டகையே மொரப்பூரில்தான் என்னும்போது, தங்கள் ஊர்ப் பிள்ளைகள் எடுத்த படம் என்றால் வராமல் இருப்பார்களா? நான் கதவருகே மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மணி வரைக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை. பெண்கள் அந்தப் படத்தின் முன்னால் நின்று பேசாமல் நகர்ந்தார்கள். பிறகு இளவட்டங்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள்.

“நடுவுல நிக்கறது யாருன்னு சொல்லு, டீ வாங்கித் தர்றேன்” என்றான் ஒருவன்.

“பாவாடைய பாருடா. சின்னசாமி வூட்டு வேலியில தெனமும் காயுதில்ல.”

சிரித்தார்கள். ஒருவன் வெளியே போய் இன்னும் நான்கு பேரைக் கூட்டிவந்தான். நான் நான்கு கோடு போட்டேன்.

பழனியம்மாவும் ஷகீலாவும் என் மேசைக்கு வந்தார்கள். அன்று பழனியம்மா தாவணி கட்டியிருந்தாள். வந்தவள் படத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

“சார், அத எடுத்துருங்க சார்.”

ஏன் என்று கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

“எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சுங்க சார்.”

“முகம் தெரியலையேம்மா” என்றேன்.

ஷகீலாதான் மெல்லிய குரலில் சொன்னாள். “பாவாட தெரியுதுங்க சார்.”

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று இருபது. நோட்டைப் பார்த்தேன். அதுவரை நூற்றுப் பதினெட்டுப் பேர். இன்னும் ஒரு மணி நாற்பது நிமிடம், அதிகாரி வந்து பார்த்ததும் நானே எடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். பார்க்கவேண்டியவர்கள் பெரும்பாலும் பார்த்தாயிற்று, இனிமேல் எடுத்து என்ன ஆகப்போகிறது என்றும் சொன்னேன். இது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அந்தப் பெண் தலையை ஆட்டினாள். சம்மதித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். பதினைந்து வயதுப் பெண், அரசாங்க ஊழியர் முன்னால், மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு வேறு எப்படித் தலையை ஆட்டுவாள்?

பத்து நிமிடத்தில் தலைமை ஆசிரியர் வந்தார். ஊர் பேசுகிறது, எடுத்துவிடுங்கள் என்றார். காலையில் அவர் சொன்ன காரணம் தப்பானது. அதனால் இப்போது சொன்ன யோசனையும் தப்பு என்று முடிவுகட்டினேன். இதை மட்டும் தயவுசெய்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தப்பான காரணத்துக்காக ஒருவர் சரியான யோசனை சொல்லலாம். நமக்குப் பிடிக்காதவர் சொன்னார் என்பதற்காக யோசனையைத் தள்ளாதீர்கள்.

இன்னொன்று. படத்தை வைப்பது, எடுப்பது என்று இரண்டு வழிதான் எனக்கு அன்று தெரிந்தது. மேசைமேல், என் நோட்டுக்குப் பக்கத்தில் கத்தரிக்கோல் இருந்தது. சார்ட் வெட்ட வைத்திருந்தது. படத்தின் அடியில் இரண்டு அங்குலம் வெட்டியிருந்தால் போதும். பாவாடையின் ஓரம் போயிருக்கும், கையில் பிடித்த மறைப்புத் துண்டும் முதுகுகளும் அப்படியே இருந்திருக்கும், அதிகாரிக்கு எதுவும் குறைந்திருக்காது. இது எனக்கு மறுநாள் காலையில் பல் துலக்கும்போதுதான் தோன்றியது. அவசரத்தில் மூளை இரண்டு கதவைத்தான் காட்டும். மூன்றாவது கதவு இருக்கிறதா என்று யாராவது ஒருவரிடம் கேட்கவேண்டும். அன்று நர்சம்மா பக்கத்து அறையில்தான் இருந்தார். நான் எழுந்து போகவில்லை. எழுந்தால் எண்ணிக்கை விட்டுப்போகும்.

அதிகாரி சரியாக மூன்று மணிக்கு வந்தார். அதற்குள் இன்னும் தொண்ணூற்று நான்கு பேர். அவர் அந்தப் படத்தின் முன்னால் நான்கு நிமிடம் நின்றார். கீழே எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தார். தனக்கும் இரண்டு பெண்கள் என்று சொன்னார். அந்த இடத்திலேயே உத்தரவு போட்டார். ஐந்து மாதத்தில் நான்கு அறைக் கழிப்பறை வந்தது. தண்ணீர்த் தொட்டியோடு வந்தது. அந்தப் படம் இல்லாவிட்டால் வந்திருக்காது. அதை மறைத்து உங்களிடம் கதை சொல்ல விரும்பவில்லை. மறைத்தால் தீர்ப்பு சுலபமாகிவிடும்.

போகும்போது நெகடிவ் கிடைக்குமா என்று கேட்டார். கூட்டங்களில் காட்டுவதற்கு என்றார். சட்டைப் பையிலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். பழனியம்மா என்னிடம் வந்து நின்று ஒன்றே முக்கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது.

பிறகு படத்தைச் சுவரிலிருந்து பிரித்தேன், சொன்ன சொல்லைக் காப்பாற்றியதாக.

திங்கட்கிழமை பழனியம்மா பள்ளிக்கு வரவில்லை. அவளுடைய அப்பா சனிக்கிழமை வந்து அவள் நோட்டுகளை வாங்கிக்கொண்டு போய்விட்டதாக ஷகீலா சொன்னாள். தாய்மாமனுக்குப் பேசுகிறார்கள், ராயக்கோட்டைப் பக்கம் என்றாள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது.

அவர்கள் வீட்டுக்கு மொத்தம் நான்கு தடவை போனேன். முதல் தடவை சின்னசாமி வீட்டில் இல்லை என்றார்கள். அவர் களத்தில் கேழ்வரகு தூற்றிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. இரண்டாவது தடவை தண்ணீர் கொடுத்தார், பேசவில்லை. மூன்றாவது தடவை நர்சம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்போதுதான் பேசினார். அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“படிக்க வேணாம்னு நெனச்சிருந்தா எட்டாவதோட நிறுத்தியிருக்க மாட்டனாங்க? பஸ்ஸுல நாலு பேரு இருக்கயில ஒருத்தன் கேக்கறான், அண்ணே பாவாடைக்குத் துணி பத்தலன்னா சொல்லக் கூடாதான்னு. நான் எறங்கி நடந்து வந்தேங்க.” பிறகு சொன்னார்: “கக்கூசு வேணாம்னு நான் சொல்லுலிங்க. எம் பொண்ண வெச்சித்தான் வரணுமா?”

நான் மன்னிப்புக் கேட்டேன். அது அவருக்கு எந்த உபயோகமும் இல்லாத பொருள்போலக் கேட்டுக்கொண்டார். நர்சம்மாதான் காரியத்துக்கு வந்தார். பரீட்சை மட்டும் எழுதட்டும் அண்ணே, அப்புறம் உங்கள் இஷ்டம் என்றார். மைத்துனர் வீட்டார் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்கள் என்றார் சின்னசாமி. படத்தை அந்த ஆபீசர் கொண்டுபோய்விட்டாராமே, நாளைக்கு எங்கள் ஊரிலும் வந்து ஒட்டுவார்களா என்று கேட்கிறார்களாம்.

“அது ஒண்ணுகூட வெளிய இல்லைன்னு நீங்க வந்து சொல்லுங்க. நீங்க சொன்னா நான் மச்சாங்கிட்ட தைரியமா பேசுவேன். பரிச்ச எழுதட்டும். கண்ணாலத்த ஒரு வருசம் தள்ளிப்போடறேன்.”

உள்ளே கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. பழனியம்மா அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாளே தர்மபுரிக்குப் போனேன். அதிகாரியின் அலுவலகத்தில் ஆறு பிரதிகள் போட்டிருந்தார்கள். நெகடிவைத் திருப்பி வாங்க ஒரு வாரம் ஆனது. பிரதிகள் எங்கெங்கே போயின என்று கேட்டு எழுதிக்கொண்டேன். தர்மபுரியிலேயே இரண்டு. நல்லம்பள்ளிப் பக்கம் ஒன்று. மற்ற மூன்றும் மூன்று அதிகாரிகள் கையில். ஒவ்வொன்றாகப் போய் வாங்கினேன். ஓர் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா தன் மேசைக்கு மேலே அதை ஒட்டிவைத்திருந்தார். தர மனமில்லை அவருக்கு. “நல்ல படம் சார். வர்றவங்க எல்லாம் நின்னு பாத்துட்டுப் போறாங்க” என்றார். நடுவில் நிற்கும் பெண்ணின் பாவாடைமேல் யாரோ பேனாவால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள்.

மார்ச் தொடங்குவதற்குள் ஐந்து வந்துவிட்டன. ஆறாவதை வைத்திருந்தவர் மாற்றலாகிச் சென்னைக்குப் போயிருந்தார். மூன்று கடிதம் எழுதினேன். ஒரு தடவை தொலைபேசியில் டிரங்க் கால் போட்டேன். அப்படி ஒரு படம் தனக்கு நினைவில்லை, சாமான் மூட்டையில் எங்காவது இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றார்.

இதற்கிடையில் தலைமை ஆசிரியர் பழனியம்மாவின் பெயரை அடிக்காமல் வைத்திருந்தார். வருகைக் குறைவை எப்படிச் சரிசெய்தார் என்று நான் கேட்கவில்லை. ஹால் டிக்கெட் வந்ததும் என்னிடம் கொடுத்தார். அவரைப் பற்றி நான் நினைத்திருந்தது எவ்வளவு குறைவு என்று அப்போது தெரிந்தது.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்பினோம். துணிப்பையில் ஐந்து பிரதிகள், சுவரிலிருந்து பிரித்த பெரிய படம், நெகடிவ், ஹால் டிக்கெட். பஸ்ஸில் நர்சம்மா என்னிடம் சொன்னார்.

“எல்லாம் வந்துருச்சான்னு கேப்பாரு. வந்துருச்சுன்னு சொல்லுங்க. எண்ணிக்கைய சொல்லாதீங்க சார்.”

ஆறாவது இன்னும் வரவில்லையே என்றேன்.

“அது மெட்ராசுல ஏதோ மூட்டையில கெடக்குது. ராயக்கோட்டைக்கு நடந்து வராது. இந்தப் பொண்ணு நாளன்னிக்கிப் பரிச்ச எழுதணும். அத மட்டும் பாருங்க.”

நான் சரி என்று சொன்னேன். சொல்லும்போது அப்படித்தான் சொல்வதாகவும் இருந்தேன்.

சின்னசாமி வாசலில் மாட்டுத் தவிடு காய்ச்சும் அடுப்பைப் பற்றவைத்திருந்தார். நான் வருவது தெரிந்து அன்று வேலைக்குப் போகாமல் இருந்தார். ஹால் டிக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பையை அவரிடம் கொடுத்தேன்; அவர் ஒவ்வொரு படமாக எடுத்தார். திருப்பிப் பார்க்கவில்லை, பின்பக்கத்தை மேலே வைத்து அடுப்பில் போட்டார். நெகடிவ் சுருண்டு ஒரு விதமாக நாறியது. பெரிய படத்தை நான்காக மடித்துப் போட்டார். எல்லாம் எரிந்து முடியும்வரை குச்சியால் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரண்டு மாதத்தில் முதல் தடவையாகக் கோபம் குறைந்திருந்தது.

“எல்லாம் வந்துருச்சுங்களா சார்?”

பழனியம்மா கதவுக்குப் பின்னால் இல்லை, வாசற்படியிலேயே நின்றிருந்தாள். மெலிந்திருந்தாள். என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் தெரியாது என்று இவளிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறோம், மறுபடியும் இவள் எதிரில் ஒரு பொய்யா என்று எனக்குத் தோன்றியது. இனிமேல் இந்த வீட்டில் உண்மைதான் பேசுவது என்ற ஒரு வீராப்பு வந்தது.

“ஆறில் ஐந்து வந்துவிட்டது” என்றேன். “ஒன்று மட்டும் கிடைக்கவில்லை.”

நர்சம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

சின்னசாமி குச்சியை அடுப்பில் போட்டுவிட்டு எழுந்தார். “அப்ப ஒண்ணு இருக்குதுங்க” என்றார். மாட்டைப் பிடித்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். நர்சம்மா அவர் பின்னாலேயே போய் ஏதோ பேசினார். காற்றில் நர்சம்மாவின் குரல் மட்டும் கேட்டது. சின்னசாமியின் குரல் கேட்கவில்லை.

நான் ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பழனியம்மா இறங்கி வந்து அதை வாங்கினாள். தன் பெயரைப் படித்தாள், பிறந்த தேதியைப் படித்தாள், பதிவு எண்ணை விரல் வைத்து ஒவ்வொரு இலக்கமாகப் படித்தாள். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“நம்பரெல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க சார்” என்றாள்.

வியாழக்கிழமை தேர்வு மையத்தில் அவள் இடம் காலியாக இருந்தது என்று ஷகீலா வந்து சொன்னாள். வைகாசியில் கல்யாணம் முடிந்தது. அதற்கு மேல் நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கும் உரிமை எனக்கு இல்லை என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நர்சம்மா என்னோடு ஒரு மாதம் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. பிறகு ஒரு நாள் முகாமில் ஊசி கழுவிக்கொண்டே கேட்டார்: “அன்னிக்கு அந்த உண்மைய யாருக்காக சார் சொன்னீங்க?” பழனியம்மாவுக்காகச் சொல்லவேண்டிய உண்மை ஒன்று இருந்தது. நர்சம்மா படத்தைப் பார்த்துச் சொன்ன அன்றே, இந்தத் துணியை வைத்து உன்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள், நீ நிற்கிறாயா வேண்டாமா என்று கேட்டிருக்க வேண்டும். ஒன்று இருபதுக்காவது எழுந்திருக்க வேண்டும். அப்போதெல்லாம் சொல்லாமல், அவளுக்கு ஒரு பொய் தேவைப்பட்ட அன்று நான் உண்மை சொன்னேன்.

உங்கள் கையேட்டில் முகத்தை மறைக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறது. போதாது; உங்கள் படத்தில் அந்த மணிக்கட்டுத் தழும்பே ஆளைச் சொல்லிவிடும். படத்தைப் பிள்ளையின் அம்மாவிடம் காட்டுங்கள், பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டுங்கள், ஊர் நர்சிடம் காட்டுங்கள். இது யார் என்று கேளுங்கள். அவர்கள் பெயர் சொன்னால் வெட்டுங்கள். எடுத்துவிடு என்று பிள்ளை வந்து சொன்னால், ஏன் என்று கேட்காமல் எடுத்துவிடுங்கள். எந்த அதிகாரி வந்தாலும் சரி. அப்படிச் செய்தால் சில பள்ளிகளுக்குக் கழிப்பறை வராமல் போகும். அதையும் தெரிந்துகொண்டே செய்யுங்கள்.

அதன் பிறகு பதினேழு வருடம் வேலை பார்த்தேன். எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும், எந்தப் பயிற்சி அறைக்குள் நுழைந்தாலும் முதலில் சுவர்களைத்தான் பார்ப்பேன். மேசைக் கண்ணாடிக்கு அடியில் பார்ப்பேன். சென்னைக்குப் போன நாட்களில் சம்பந்தமில்லாத அறைகளில்கூட எட்டிப் பார்த்திருக்கிறேன். அந்த ஆறாவது பிரதியைப் பார்த்ததாக ராயக்கோட்டையிலோ வேறு எங்குமோ ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. அது எங்கேயும் இல்லை.